மறு: ‘நில அறக்கட்டளை’க்கு வேறு சொல்

நண்பர்களே,

வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகிறது, இன்னும் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறோம். சமூகப்பணி மாணவர்களுக்கு பாஸ்டன் நகரத்து டட்லி தெருவின் கதை. தீக்கிரையான வீடுகள், குப்பை கொட்டிய காலிமனைகள், இவற்றுக்கு நடுவே 1984-இல் அந்த மக்கள் ஒன்றுகூடினார்கள். 1988-இல் காலிமனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரமே அவர்கள் கைக்கு வந்தது. அதில் கட்டிய வீடுகளுக்கு மண் பொது, கட்டடம் குடும்பத்துக்கு. விற்கும்போது விலைக்கு வரம்பு உண்டு, அதனால் அடுத்து வருகிறவருக்கும் கட்டுபடியாகும். மண்ணை வைத்திருக்கும் அந்த அமைப்புக்குத்தான், ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்’ என்பதற்குத்தான், தமிழில் பெயர் வேண்டும்.

‘அறக்கட்டளை’ எல்லாருக்கும் புரியும் என்று ஐயா எழுதியது சரி. ஆனால் அதைக் கேட்டதும் அன்னதானமும் இலவச நோட்டும்தான் மனத்தில் வரும். அங்கே நிர்வாகத்தைத் தேர்ந்தெடுப்பதே குடியிருப்பவர்கள், தானம் வாங்க நின்றவர்கள் அல்லர். இலங்கை நண்பர் சொன்ன ‘நம்பிக்கைப் பொறுப்பு’ பொருளுக்கு நெருக்கம், ஆனால் இங்கே வகுப்பில் விளக்கவே அரைமணி ஆகும்.

அப்புறம் ‘கம்யூனிட்டி’க்கு ‘சமுதாய’ என்றால் அது வடசொல், ‘குமுகாய’ போடுங்கள் என்ற வாதம். தஞ்சைப் பக்கம் ஊர் நிலத்தைப் பிரிக்காமல் கூட்டாக வைத்திருந்த முறைக்கே சமுதாயம் என்றுதான் பெயர், ஒருவர் கையில் முழுதும் இருந்தால் ஏகபோகம். இவ்வளவு பொருந்துகிற நிலச்சொல்லை ஏன் விரட்ட வேண்டும்? ஆனால் அந்தச் சமுதாயத்தில் பங்கு மிராசுதாருக்குத்தான், உழுதவருக்கு இல்லை என்று அக்கா நேற்று எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் நானே அதைக் கைவிட்டேன்.

நிலமுள்ளவர்கள் நிலத்தை ஊருக்கே பொதுவாகக் கொடுத்த வினோபாவின் கிராமதானத்திலிருந்து ‘தானம்’ எடுக்கலாம் என்றதிலும் நியாயம் உண்டு. 1969-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின உழவர்களுக்காக இந்த முறையைத் தொடங்கியவர்களுக்கு அது ஒரு முன்மாதிரிதான். ஆனால் தானம் என்றால் கொடுப்பவர் ஒருவர் முன்னால் வந்து நிற்கிறார்.

நான் சொல்வது ‘பேட்டை நிலக் கட்டளை’. கோயில் கட்டளை என்றால் இன்ன காரியத்துக்கென்று கட்டிப்போட்ட சொத்து, வேறெதற்கும் தொடக்கூடாது. இங்கேயும் அதுதானே? பேட்டை என்றால் ரௌடி நினைவு வருகிறதாம். சைதாப்பேட்டையில் வளர்ந்த எனக்கு வரவில்லை.

இதுவரை நான்கு பேர் அறக்கட்டளைக்கு, இரண்டு பேர் என் பக்கம். பெரும்பான்மைப்படியே தலைப்பில் போடுகிறேன். அடைப்புக்குள் என் சொல்லும் இருக்கும், அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.