டிடெக்டர் ஹெட்டுகள் இடம் மாறிவிட்டன, பேனலில் ஃபால்ட்டே இல்லை

ஏணிக்காரன்:
திருப்பூரில் ஐந்து மாடி ஆபீஸ் கட்டடம், ஃபயர் அலாரத்தின் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு) எங்களுடையது. அட்ரஸபிள் பேனல் (ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஓர் எண், அதுதான் அட்ரஸ்), எல்லாம் ஒரே வயர் லூப்பில், 118 டிடெக்டர். போன மாதம் சீலிங்குக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் ஹெட்டுகளை (கூரையில் இருக்கும் பேஸிலிருந்து கழலும் டிடெக்டர் பகுதி) கழற்றி மூன்று வாளிகளில் போட்டு வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கைக்கு வந்ததை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பேனல் 'சிஸ்டம் நார்மல்' என்றே காட்டியதால் யாருக்கும் தெரியவில்லை.

நேற்று டெஸ்டிங். மூன்றாம் மாடி பில்லிங் அறையில் ஸ்மோக் ஸ்ப்ரே அடித்தேன். பேனல் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி அண்ணன், "தம்பி, ரிசப்ஷன்னு காட்டுதுப்பா" என்றார். நம்பாமல் கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். டிடெக்டர் 37, ரிசப்ஷன். அப்புறம் அடித்த ஆறில் ஐந்து இப்படித்தான்.

லேப்டாப்பைச் செருகி லேபிளை (பேனலில் வரும் இடப் பெயர்) மட்டும் மாற்றினால் போதுமா? 118-ஐயும் கழற்றச் சொல்லாதீர்கள், இருப்பது ஒரே ஏணி.

லூப்_கார்டு:
உங்கள் ஹெட்டின் பின்னால் அட்ரஸ் வைக்க இரண்டு டயல் (பத்துகளுக்கு ஒன்று, ஒன்றுகளுக்கு ஒன்று) இருக்கிறதா? அப்படியானால் அட்ரஸ் ஹெட்டோடு போகிறது. பேனல் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும். 37 பதில் சொன்னதா, ஸ்மோக் டைப்தானா, அவ்வளவுதான் பார்க்கும். எந்தக் கூரையில் தொங்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பேன்ட்ரி ஹீட் டிடெக்டரும் கலந்திருந்தால் டைப் பொருந்தாமல் அன்றே கத்தியிருக்கும்.

லேபிளை மட்டும் மாற்றாதீர்கள். ஏ.எச்.யு. (ஏசி காற்றை அனுப்பும் யூனிட்) நிற்பது, லிஃப்ட் இறங்குவது, எந்த மாடி ஹூட்டர் அடிப்பது எல்லாம் அட்ரஸையும் ஜோனையும் வைத்து எழுதியிருக்கும். லேபிள் 'பில்லிங்' என்று சரியாகச் சொல்லும், நிற்பதோ ரிசப்ஷன் ஏ.எச்.யு.

ஏணிக்காரன்:
டயல்தான். பேன்ட்ரியில் பெயிண்ட் அடிக்கவில்லை, அதனால் அது தப்பித்தது.

பழைய_வயர்மேன்:
எங்கள் சைட்டில் அப்போலோ கம்பெனியின் எக்ஸ்பி95 டிடெக்டர். அட்ரஸ் பேஸில் செருகும் சின்ன பிளாஸ்டிக் கார்டில் இருக்கிறது. ஏழு முளை, அவற்றின் மதிப்பு 1, 2, 4 என்று இரட்டித்து 64 வரை. அட்ரஸ் 126 வரை போகும். ஹெட்டை எங்கே மாற்றி மாட்டினாலும் இடம் மாறாது. உங்களுக்கு அந்த வசதி இல்லை, சரி.

தேடி அலையாதீர்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டு, மாடிக்கு ஓர் ஆளைக் காவலுக்குப் போட்டு, லூப்பை அணையுங்கள். டிராயிங்கில் அந்த இடத்துக்கு என்ன எண்ணோ அதை அங்கேயே டயலில் திருப்பி மாட்டுங்கள். எந்த ஹெட் எங்கிருந்து வந்தது என்ற கவலையே வேண்டாம். ஹெட்டுக்கு ஒரு தடவை ஏறினால் போதும். லூப்பை ஓடவிட்டுக்கொண்டே செய்தால் ஒரே எண்ணில் இரண்டு பேர் பதில் சொல்லி பேனல் அலறும்.

புது_டெக்:
அண்ணா, கண்ட்ரோல் மாட்யூல் (ஹூட்டர், ஏ.எச்.யு. மாதிரியானவற்றை இயக்குவது) ஒன்றும் 37-இல் இருக்கிறது என்றால் மோதாதா?

லூப்_கார்டு:
ஃபிளாஷ்ஸ்கேன் (நோட்டிஃபையர் பேனல் லூப்பில் பேசும் முறை) என்றால் மோதாது. டிடெக்டருக்கு 159, மாட்யூலுக்கு 159 என்று தனித்தனி வரிசை. எக்ஸ்பி95-இல் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை, அங்கே மோதும்.

ஏணிக்காரன்:
ஞாயிறு முடித்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மாலை நாலரை. லூப்பை ஆன் செய்ததும் இரண்டு ஃபால்ட்: 18-இல் டபுள் அட்ரஸ், 108-இல் பதிலே இல்லை. பத்துகளின் டயல் 15 வரை போகும் என்பதை மறந்து, ஐந்தாம் மாடியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு 10-க்குப் பதில் 1-இல் நிறுத்தியிருக்கிறேன். மறுபடி ஏணி. அதைச் சரிசெய்துவிட்டு எல்லா ஹெட்டையும் டெஸ்ட் செய்தேன், 118-உம் சரியான இடத்தைக் காட்டுகின்றன. பேஸுக்குள் மார்க்கரில் எண்ணையும் எழுதி வைத்துவிட்டேன்.