ஹாபி குரூப்ல பதில் போடுறப்போ உங்களுக்கு எது ரொம்ப எரிச்சல்?

பாசிப்பச்சை:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நான் அதிகமா இருக்கிறது மீன் வளர்க்கிறவங்க குரூப்லதான், ஆனா கேமரா, செடி, பேனான்னு எங்க போனாலும் இதே கதையா இருக்கு. புதுசா ஒருத்தர் வந்து "டேங்க் வெச்சு ஒரு வாரம் ஆச்சு, மீனெல்லாம் மேல வந்து வாயப் பிளந்து மூச்சு வாங்குது, என்ன பண்றது"ன்னு பதறிப்போய் கேக்குறாங்க. கீழ வர்ற பதிலப் பாருங்க. "இத நூறு தடவ பேசியாச்சு, சர்ச் பண்ணுங்க." அடுத்தவர் "அந்த பில்டரா, தூக்கிப் போடுங்க." இன்னொருத்தர் தன்னோட டேங்க் போட்டோவப் போட, அதுக்கப்புறம் மொத்தப் பேச்சும் அந்த டேங்க் பக்கம் போயிடுது. கேட்டவரோட மீன் செத்துக்கிட்டே இருக்கு. எனக்கு நெஜமாவே கோவம் வருது. பதில் எழுதுறதுக்கு முன்னாடி நீங்கல்லாம் என்ன பாப்பீங்க?

கப்பிக்கூட்டம்:
எனக்கு அந்த "சர்ச் பண்ணுங்க"தான். சர்ச் பண்ணினா வர்ற மொதல் ரிசல்ட்டே இதே கேள்வி இருக்கிற ஒரு பழைய த்ரெட்டாதான் (ஒரு கேள்வியும் அதுக்கு வந்த பதில்களும்) இருக்கும், உள்ள போனா ஒரே ஒரு பதில், அதுவும் "சர்ச் பண்ணுங்க". பழைய த்ரெட் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுதுல்ல, அந்த லிங்க்கக் குடுத்து "மூணாவது கமெண்ட்லருந்து படிங்க"ன்னு ஒரு வரி எழுதினா வேல முடிஞ்சது. யூஸ்நெட்னு இருந்த பழைய இணையக் குழுக்கள் காலத்துலயே திரும்பத் திரும்ப வர்ற கேள்விக்கு பதில எல்லாம் ஒரே எடத்துல தொகுத்து வெச்சு அதக் கையில குடுத்தாங்க, எஃப்ஏக்யூன்னு சொல்ற அந்தத் தொகுப்பு பரவினதே அப்படித்தான். 1995ல வந்த ஆர்எஃப்சி 1855னு ஒரு இணைய நடத்தைக் குறிப்பு இருக்கு, கோவத்துல எழுதினத ஒரு ராத்திரி கழிச்சு அனுப்புங்கன்னு அதுலயே சொல்லிட்டாங்க. பதில் சொல்றப்போ பழசுல எது தேவையோ அத மட்டும் மேற்கோள் காட்டுங்கன்னும் இருக்கு. இன்னைக்கும் பத்து போட்டோ உள்ள பதிவ முழுசா கோட் பண்ணி கீழ "சூப்பர்"னு போடுறாங்க, மொபைல்ல ஸ்க்ரோல் பண்ணியே கை வலிக்குது.

நன்னீர்:
எரிச்சல விடுங்க, எனக்கு பயமே, தங்களுக்குத் தெரியாத விஷயத்த அடிச்சுச் சொல்றவங்களப் பாத்துதான். பாசி சொன்ன அதே கேள்விக்கு "தண்ணி முழுசையும் மாத்துங்க, பில்டர் ஸ்பாஞ்ச பைப் தண்ணில நல்லா அலசுங்க"ன்னு ஒருத்தர் சொல்வார், அதுக்கு பத்து லைக் விழும். புது டேங்க்ல பிரச்சனை பெரும்பாலும் அமோனியாதான். மீன் கழிவுலருந்து வர்ற அமோனியாவ நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா பில்டர்லதான் அதிகம் ஒட்டியிருக்கும், அது போதுமான அளவு வளரவே நாலுலருந்து ஆறு வாரம் ஆகும். குளோரின் உள்ள தண்ணில அலசினா வளர்ந்த கொஞ்சமும் போயிடும். அதனால நான் மொதல்ல கேக்குறது டேங்க் எத்தன லிட்டர், எத்தன மீன், டெஸ்ட் கிட்ல அமோனியா எவ்ளோ காட்டுது, குளோரின எடுத்துட்டுதான் தண்ணி ஊத்துனீங்களா. ஆனா கேள்வி மட்டும் கேட்டுட்டுப் போயிடக் கூடாது, அவங்க பதில் சொல்றதுக்குள்ள மீன் போயிடும். கூடவே, குளோரின் எடுத்த, அதே சூட்டுல உள்ள தண்ணி வெச்சு கால்வாசியோ பாதியோ மாத்துங்க, தீனிய நிறுத்துங்க, ஏர் பம்ப் ஓடட்டும்னு கெடுதல் பண்ணாத ஒண்ணையும் சொல்லிடணும். உறுதியா தெரியலன்னா "என் டேங்க்ல இப்படி ஆச்சு"ன்னு எழுதுங்க, படிக்கிறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியணும்.

கூழாங்கல்:
நன்னீர் அக்கா சொன்னது கரெக்ட், ஆனா பேச்சு ஒரு பக்கமாவே போகுது. வருஷக்கணக்கா பதில் சொல்றவங்க ஏன் சலிச்சுப் போறாங்கன்னும் பாருங்க. "ஹெல்ப் அர்ஜென்ட்"னு தலைப்பு, உள்ள மங்கலா ஒரு போட்டோ, வேற ஒண்ணும் கிடையாது. நாம நாலு கேள்வி கேட்டா ரெண்டு நாள் சத்தமே இருக்காது, அப்புறம் வந்து "சரியாயிடுச்சு, நன்றி." எப்படி சரியாச்சு? அதத்தான சொல்லணும்! அடுத்த வருஷம் இதே பிரச்சனையோட சர்ச் பண்ணி வர்றவருக்கு அந்த ஒரு வரிதான் உயிர். இன்னும் சிலர் பதில் கெடச்சதும் கேள்வியவே அழிச்சிடுறாங்க, ஒரு மணி நேரம் உக்காந்து டைப் பண்ணினவரோட உழைப்பு அதோட போச்சு. இன்பாக்ஸ்ல வந்து தனியா கேக்குறதும் எனக்குப் பிடிக்கல, பொதுவுல பேசினாதான நான் தப்பா சொன்னா இன்னொருத்தர் திருத்துவார்.

மூணுகாலி:
நான் கேமரா பக்கம். "என்கிட்ட இருக்கிற கேமரால வெளிச்சம் கம்மியா இருக்கிறப்போ படம் ஆடாம எப்படி எடுக்கிறது"ன்னு கேட்டா "ஃபுல் பிரேம் வாங்குங்க"ம்பாங்க, அதாவது பெரிய சென்சார் உள்ள வேற கேமரா. ட்ரைபாட், ஷட்டர் ஸ்பீட், ஐஎஸ்ஓ பத்தி ஒரு வார்த்த வராது. எழுத்துப்பிழையத் திருத்த மட்டும் வர்றவங்களும் உண்டு.
குரூப்கள்ல பொதுவா சொல்ற ஒண்ணுல மட்டும் மாறுபடுறேன். "எனக்கும் இதே பிரச்சனை"ன்னு வர்றத எல்லாம் தொல்லைன்னு சொல்லிட முடியாது, மாடல், ஃபர்ம்வேர் (கேமராக்குள்ள ஓடுற சாப்ட்வேர்) வெர்ஷன் எல்லாம் சேத்து எழுதினா அது உபயோகமான தகவல்தான். அதே மாதிரி பழைய த்ரெட்ட தோண்டி எடுத்தா திட்டுறாங்க, புதுசா தீர்வு கெடச்சிருந்தா அங்கதான போடணும்? போட்டோவ மட்டும் வெளி லிங்க்கா போடாதீங்க. 2017ல போட்டோபக்கெட்ங்கிற படம் சேமிக்கிற தளம் இலவசக் கணக்குல இருந்த படங்கள வெளித்தளங்கள்ல காட்டுறத நிறுத்தினப்போ எத்தனையோ பழைய செய்முறை த்ரெட்டு படமில்லாம வெறும் எழுத்தா நின்னுடுச்சு.

பாசிப்பச்சை:
எல்லாருக்கும் நன்றிங்க. கூழாங்கல் சொன்ன பக்கத்த நான் யோசிக்கல, நியாயம்தான். நன்னீர் அக்கா, நீங்க கேக்குற அந்த நாலு கேள்வியையும் உடனே செய்ய வேண்டியதையும் சேத்து ஒரே பதிவா எழுதித் தர்றீங்களா? அட்மின்கிட்ட பேசி மேல பின் பண்ணச் சொல்றேன், யாராவது மீன் சாகுதுன்னு வந்தா அந்த லிங்க்க உடனே குடுத்துடலாம்.

நன்னீர்:
நாளைக்குள்ள எழுதித் தர்றேன். உப்புத்தண்ணி டேங்க் பத்தி எனக்கு அனுபவம் இல்ல, தெரிஞ்சவங்க யாராவது அந்தப் பகுதிய எழுதுங்க.