அட்லஸ் மலையில் ஒரு மடை: இளைஞர் குழுவோடு மொராக்கோ போனவர்கள் எழுதுங்கள்

கண்மாய்க்கரை

இம்லில் என்ற மலையூரிலிருந்து தமாதெர்த் கணவாய் தாண்டித் தஷ்தீர்த் ஊருக்குப் போகும் பாதையில் உங்களில் பலர் நடந்திருப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜூலை. லண்டனில் எங்கள் பகுதி இளைஞர் குழு, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் 14 பேர். உடன் போன பெரியவர்கள் மூவரில் நான் ஒருத்தி.

ஊருக்குச் சற்று முன்னால், படிக்கட்டு வயல்களுக்கு மேலே ஒரு வாய்க்கால். அதைத் தர்கா என்கிறார்கள். நம் காதுக்கு வேறு பொருள் தரும் சொல். ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஒரு வளைவில் தட்டைக் கல்லும் களிமண்ணும் புல்கட்டியும் வைத்து மடை அடைத்திருந்தார்கள். பையன்கள் இருவர் அந்தக் கல்லைப் பெயர்த்து, பாய்ந்து வந்த தண்ணீரில் தலையை நனைத்தார்கள். பிறகு சட்டை, பிறகு காலுறை. கால்மணி நேரம் இருக்கும்.

கீழேயிருந்து ஒரு முதியவர் மண்வெட்டியோடு ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. மண்டியிட்டுக் கல்லை எடுத்து வைத்து, சேற்றை இரண்டு கையாலும் அள்ளி இடுக்கில் அப்பி, உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். கசிவு நின்றதும் எழுந்து, வந்த வழியே இறங்கிவிட்டார்.

அன்று இரவு நாங்கள் தங்கியது அவர் வீட்டில். புதினாத் தேநீரை அவரே கையை உயர்த்தி ஊற்றிக் கொடுத்தார். நகக்கண்ணில் அந்தச் சேறு அப்படியே இருந்தது. கோடையில் அங்கே முறை வைத்துத்தான் தண்ணீர். இந்த வயலுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு. அன்று பிற்பகல் அவருடைய முறை என்று எங்கள் வழிகாட்டி பிறகு சொன்னார். கண்மாய்ப் பாசன ஊரில் வளர்ந்தவள் நான். அந்தக் கை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

நெடுவழி

அக்கா, பதினாறு வயதுப் பையன்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மடை என்றால் என்னவென்று லண்டன் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? புறப்படுமுன் சொல்லிக் கூட்டிப்போவது பெரியவர்கள் வேலை.

என் அனுபவம் சிறியது. அட்லஸ் மலையின் உயர்ந்த சிகரமான தூப்கால் ஏறும்போது, சிதி ஷம்ஹருஷ் தலத்துக்கு மேலே ஒரு பெண்ணுக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. கோவேறு கழுதைக்காரர் மூட்டைகளை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார். இரண்டு மூட்டைகளைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். அவர் காலில் பிளாஸ்டிக் செருப்பு. என் காலில் விலை உயர்ந்த மலைக்காலணி.

இனிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இம்லில் ஏறக்குறைய 1,740 மீட்டரில் இருக்கிறது, தூப்கால் மலைவிடுதி 3,207 மீட்டரில். இதை ஒரே நாளில் ஏறினால் பிள்ளைகளில் சிலருக்குத் தலைவலி வரலாம். ஒருநாள் நடுவில் தங்குங்கள், அல்லது அக்கம்பக்கக் கணவாய்களில் இரண்டு நாள் நடந்து உடம்பைப் பழக்குங்கள். தலைவலியோடு மேலே ஏற்றாதீர்கள், கீழே இறக்குங்கள். 4,167 மீட்டர் உச்சி எங்கேயும் போய்விடாது. 2018 முடிவிலிருந்து அந்தப் பாதையில் வழிகாட்டி இல்லாமல் விடுவதில்லை, சோதனைச் சாவடியில் கடவுச்சீட்டு கேட்பார்கள். கழுதைக்காரருக்குக் கூலி போக அன்பளிப்பைத் தனியாக, அவர் கையிலேயே கொடுங்கள். நன்றி சொல்ல, மலைமக்களின் பெர்பர் மொழியில் 'தன்மிர்த்' என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்; அவர்கள் அரபு தெரிந்தவர்கள்தான், ஆனாலும் தங்கள் மொழியில் கேட்கும்போது முகமே மாறிவிடும். ஊர்க் குழந்தைகளுக்குக் கொடுக்க மிட்டாயும் பேனாவும் நிறைய எடுத்துப்போங்கள்.

சிறுமலை

நெடுவழி அண்ணா, மற்றதெல்லாம் சரி. மிட்டாய் வேண்டாம். கையை நீட்டிக்கொண்டு ஒரு மைல் கூடவே ஓடிவரும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை அப்படி ஓடப் பழக்கியது நம்மைப் போல வந்துபோனவர்கள்தான். பல்வலி வந்தால் அந்த ஊரில் மருத்துவர் கிடையாது. கொடுக்க வேண்டுமென்றால் பள்ளியில் ஆசிரியரிடம் கொடுங்கள்.

நான் போனது 2024 ஏப்ரலில். 2023 செப்டம்பர் 8 இரவு வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு. 6.8 அளவு, ஏறக்குறைய மூவாயிரம் உயிர்கள். அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று பெற்றோர் கேட்டார்கள். வருகிறவர்கள் நின்றுபோனால் வருமானமும் நின்றுவிடும் என்று ஊர்க்காரர்களே சொன்னதால்தான் போனோம்.

இம்லில் போகும் வழியிலுள்ள அஸ்னிக்கு மேலே ஓர் ஊர். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் சரிந்து கிடந்தன. மக்கள் கூடாரங்களில். ஓர் இடிந்த வீட்டிலிருந்து புகை வருகிறதே என்று போனால், ஒரு பெண் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் மிஞ்சியது மண் அடுப்பு மட்டும். தினமும் கூடாரத்திலிருந்து நடந்து வந்து அதில்தான் சுடுகிறாராம். எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு பிய்த்துக் கொடுத்தார்.

எங்கள் குழுவில் ஒரு பெண் வழிகாட்டி மூலமாகக் கேட்டாள்: இங்கே என்னென்ன அறைகள் இருந்தன? அவர் மாவுக் கையோடு எழுந்து காட்டினார். இது மாட்டுத் தொழுவம். இது மாமியார் படுக்கும் இடம். இது விருந்தினர் அறை. இடிபாடுகளுக்குள் நடந்து, இல்லாத வாசல்படிகளைத் தாண்டித் தாண்டிக் காட்டினார். ஒரு மூலையை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டவளும் வாயை மூடிக்கொண்டாள்.

நெடுவழி

மிட்டாய் பற்றிச் சொன்னது ஏற்கத்தக்கது. பேனாவும் ஆசிரியரிடமே போகட்டும். ஆனால் மடை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பையன்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லையா?

கண்மாய்க்கரை

இருந்தேன், தம்பி. முதல் பதிவில் அதை எழுத மனம் வரவில்லை.

அவர்கள் கல்லில் கை வைத்தபோது நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அது மடை என்று பார்த்ததுமே எனக்குத் தெரியும். என் தாத்தா மடை திறக்கப் போகும்போது கூடவே போனவள். நடந்து களைத்த பிள்ளைகள் சிரிக்கிறார்களே, இரண்டு நிமிடம்தானே என்று தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தேன். அந்தப் படம் குழுவின் அறிவிப்புப் பலகையில் ஒரு வருடம் தொங்கியது.

மறுநாள் காலை அவருடைய உருளைக்கிழங்குப் பாத்திகளைப் பார்த்தேன். மேல் வரிசைகள் ஈரமாகக் கறுத்திருந்தன. கடைசி நான்கு வரிசை வெளிறிக் கிடந்தது. தண்ணீர் அதற்குள் பக்கத்து வயலுக்கு மாறியிருந்தது.