குளியலறைச் சுவரின் இடைவெளியை எதைக் கொண்டு அடைப்பது?

கேள்வி (ஜார்ஜ்டவுன்):
வணக்கம். எங்கள் பழைய கடைவீட்டின் குளியலறையில் டைல்ஸைப் பெயர்த்தபோது சுண்ணாம்புப் பூச்சும் உதிர்ந்து, குழாயைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரிகிறது. வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர், விரிந்து இறுகும் நுரையை (ஃபோம்) அடித்து மூடலாம் என்கிறார். சரியாகுமா?

பதில் (பட்டர்வொர்த்):
நுரை வேண்டாம், ஐயா. அதன்மேல் டைல்ஸ் உறுதியாக நிற்காது. முதலில் குழாயில் கசிவு உண்டா என்று பாருங்கள். பிறகு தளர்ந்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை சுரண்டி, நனைத்து, சிமெண்டுக் கலவையை ஒரே தடவையில் திணிக்காமல் அடுக்கடுக்காக வைத்து, அது இறுகிக் காய்ந்தபின் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, அதன்மேல் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலைக்கு மட்டும் சிலிக்கோன் பசை போதும். அசைவுள்ள இடத்தில் சிமெண்டு வெடித்துவிடும்.

பதில் (ஆயர் ஈத்தாம்):
அவர் சொல்வது சரி. ஆனால் சுவரின் மறுபக்கத்தில் சிமெண்டு பூசிவிடாதீர்கள். பழைய செங்கல் உறிஞ்சிய ஈரம் வெளியேறச் சுண்ணாம்புப் பூச்சே வழிவிடும்.