மாடி வீட்டுக்கு ஃபைபர் நெட்: எந்த கம்பெனி, எந்த ரவுட்டர்?

மாடிப்படி கேட்டது:

வணக்கம். திருச்சி கே.கே.நகர் பக்கம், தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு. 9 இன்ச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம். கீழே ஹாலில் டிவியும் அப்பா அம்மாவின் போன்களும். மேலே என் வேலை அறை. பகல் முழுக்க அலுவலக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு), வீடியோ மீட்டிங். நாலு கேமராவோடு ஒரு டிவிஆர் (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) இருக்கிறது, அதை வெளியூரிலிருந்து போனில் பார்க்க வேண்டும்.

ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றும் எங்கள் தெருவில் கிடைக்கும் என்கிறார்கள். உள்ளூர் கேபிள்காரரும் அதே வேகத்தைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். 100 எம்பி போதுமா, 300 எடுக்க வேண்டுமா? கம்பெனி கொடுக்கும் ரவுட்டரே போதுமா? கரண்ட் போனாலும் மீட்டிங் அறுபடக் கூடாது. ரவுட்டருக்கு 5,000 ரூபாய் வரை செலவு செய்யலாம்.

ஒளியிழை:

கம்பெனி பேரை வைத்து முடிவு பண்ணாதீங்க. ஒரே கம்பெனி அடுத்த தெருவில் நன்றாக ஓடும், உங்க தெருவில் வாரத்துக்கு ஒரு தடவை படுக்கும். கடைசி சில நூறு மீட்டர் ஒயரை யார் இழுத்தாங்க, அறுந்தால் ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு யார் வர்றாங்க என்பதில்தான் எல்லாம் இருக்கு. பிஎஸ்என்எல் ஃபைபரில்கூட பல இடங்களில் அந்தக் கடைசித் துண்டு பங்குதாரராகச் சேர்ந்த உள்ளூர் ஆட்கள் கையில்தான். அதனால் உங்க கம்பத்திலிருந்தே லைன் எடுத்திருக்கும் ரெண்டு வீட்டில் கேளுங்க: கடைசியாக லைன் போனப்போ எத்தனை மணி நேரத்தில் சரியாச்சு? இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் எந்த விளம்பரத்தையும்விடப் பெரிசு.

கேபிள்காரரிடம் வாடகையைப் பேசும் முன்னாடி, வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் கேபிளா (செம்புக் கம்பி) என்று கேளுங்க. நிறைய பேர் ஏதோ ஒரு மொட்டைமாடி வரை ஃபைபரைக் கொண்டுவந்து, அங்கே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (கரண்டில் ஓடும், லைனைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் பெட்டி) வைத்து, அதிலிருந்து லேன் கேபிளைத் தெருவுக்குக் குறுக்கே வீசுவாங்க. அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்க நெட்டும் போகும், உங்க வீட்டில் எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் இருந்தாலும். இடி இறங்கினால் செம்புக் கம்பி வழியாக ரவுட்டரின் வேன் போர்ட் (வெளி லைனைச் செருகும் துளை) புகையும். முழு ஃபைபர் லைனில் வழியில் ஒளியைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை; எக்ஸ்சேஞ்ச் பக்கமும் உங்க வீட்டுப் பக்கமும் பேட்டரி இருந்தால் தெருவே இருண்டாலும் ஓடும். உங்க தேவைக்கு இது ஒன்றே கேபிள்காரரின் லேன் லைனைத் தள்ளிவிடப் போதும். ‘ஏர்ஃபைபர்’ என்று விற்க வந்தால் அது டவரிலிருந்து வரும் வயர்லெஸ் இணைப்பு, ஃபைபர் இல்லை. விற்பனை ஆட்கள் ரெண்டையும் ஒன்றாகச் சொல்லுவாங்க, கவனம்.

லைன் போடும் நாளில் ஒளி அளவை டிபிஎம்-இல் (ஒளி வலிமையின் அலகு; மைனஸ் எண் பெரிசானால் ஒளி குறைவு) கேட்டு எழுதி வைங்க. வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் முறை) லைனுக்குக் கணக்கு இப்படி: எக்ஸ்சேஞ்ச் பெட்டி +3 வாக்கில் அனுப்பும். 32 வீட்டுக்குப் பிரிக்கும்போது 17 டெசிபெல் போகும். நாலு கிலோமீட்டர் ஃபைபரில் ஒன்றரை, கனெக்டர் ஜாயிண்ட்டில் இன்னொரு ஒன்றரை ரெண்டு. ஆக -17, -18 வரணும். -23 வரை கவலை இல்லை. சாதாரண ஓஎன்டி (வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி) -27 வரைதான் படிக்கும். -25 தாண்டி லைன் கொடுத்துவிட்டுப் போனால் ஜாயிண்ட் பாக்ஸில் ஈரம் இறங்கும் முதல் மழையிலேயே சிவப்பு லைட் எரியும்.

சுவரில் வரும் மஞ்சள் ஒயரை ஆணி அடித்து மடக்கவிடாதீங்க, மூலையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வளைவு இருக்கணும். பச்சைத் தலை கனெக்டர் பச்சைச் சாக்கெட்டில்தான் போகணும். பச்சைத் தலையின் முகம் 8 டிகிரி சாய்வு, நீலம் நேர். ரெண்டையும் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி குறையும், திரும்பியும் அடிக்கும்.

வேகம் 100 போதும். மீட்டிங்குக்கு 4 எம்பி, 4கே படத்துக்கு 25. பார்க்க வேண்டியது அப்லோடு. டவுன்லோடு அளவுக்கே தருகிற பிளானா என்று கேளுங்க, டிவிஆருக்கும் மீட்டிங்குக்கும் அதுதான் வேலை செய்யும். ‘அன்லிமிடெட்’ என்பது பெரும்பாலும் மாதம் 3,300 ஜிபி வரை. உங்க வீட்டில் அதைத் தொடவே முடியாது. சொல்லும் வாடகைக்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. இன்ஸ்டாலேஷன் இலவசம் என்று ஆறு மாதப் பணம் கேட்டாலும் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்க.

பேட்ச்கார்டு:

ஒளியிழை சொன்னதோடு உடன்படுகிறேன். ரவுட்டர் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கம்பெனி தரும் பெட்டி ஓஎன்டி, ரவுட்டர் இரண்டும் சேர்ந்தது. கீழ்த்தளத்துக்கு அது போதும். மேல் அறைக்குப் போதாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் பெரும்பங்கு செத்துவிடும், 2.4 மேலே வரும், ஆனால் பக்கத்து வீடுகளின் நெரிசலில் மீட்டிங் திக்கும். இதற்கு 10,000 ரூபாய் ரவுட்டரைக் கீழே வைத்தாலும் தளம் தளம்தான். மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, மேலே இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) வையுங்கள். வயரில்லா ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் பெட்டி) வாங்க வேண்டாம். வாங்குவதும் கொடுப்பதும் அதே அலையில் என்றால் வேகம் பாதியாகும்.

கேபிள் கேட்6 தரம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். சிசிஏ என்று அச்சிட்டிருந்தால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு, மடக்கினால் முறியும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே திணிக்காமல் தனிப் பைப்பில் கொண்டுபோங்கள். எட்டு நரம்பும் பிடித்திருக்க வேண்டும். ஒரு ஜோடி விட்டாலும் ஜிகாபிட் (1000 எம்பி) வேகம் 100-க்கு இறங்கும், ஸ்பீடு டெஸ்டில் 94 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். 300 பிளான் போட்டு 94-ஐத் தாண்டவில்லை என்றால் கம்பெனியைத் திட்டும் முன் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள்.

போர்ட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, சி6 இரண்டின் பெட்டியிலும் ஏசி1200 (வைஃபை வேக வகை) என்றே இருக்கும். சி50-இன் போர்ட்டுகள் 100 எம்பி, சி6-இன் போர்ட்டுகள் 1000 எம்பி. உங்கள் பட்ஜெட்டுக்கு ஏஎக்ஸ்1500 அல்லது ஏஎக்ஸ்1800 வகையில் ஜிகாபிட் போர்ட் உள்ள வைஃபை 6 ரவுட்டர் ஒன்று வாங்கினால் போதும். அந்த 1800 என்பது இரண்டு அலைவரிசைகளின் 574-ஐயும் 1201-ஐயும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிய எண். ஒரு போன் இரண்டையும் சேர்த்து வாங்காது, ஏஎக்ஸ்3000, 5400 என்று ஏறிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஆக்சஸ் பாயிண்ட் மோடு இல்லாத ரவுட்டர் என்றால், லேன் ஐபியை 192.168.1.2 போல மாற்றி, டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானே ஐபி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வேன் போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். வேனில் செருகினால் டபுள் நாட் (ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு தனி நெட்வொர்க்) ஆகும், கீழ்த்தள டிவிக்கு மேலிருந்து படம் போடக்கூட முடியாது. இரண்டிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. சேனல் மட்டும் வேறு. 2.4-இல் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11, அகலம் 20. 5-இல் ஒன்றுக்கு 36, மற்றதற்கு 149, அகலம் 80. வேலை செய்யும் கம்ப்யூட்டரை வைஃபையில் விடாமல் மேல் ரவுட்டரிலிருந்து கேபிளிலேயே இணையுங்கள்.

டிவிஆர்: ரவுட்டரின் வேன் ஐபி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜி-நாட்டுக்குப் பின்னால் (ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிரும் முறை) இருக்கிறீர்கள், போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுச் சாதனத்துக்குத் திருப்புவது) வேலை செய்யாது. டிவிஆரின் கியூஆர் கோடு வழி ஆப்பில் இதைச் சமாளிக்கலாம். நேரடியாகப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஸ்டாட்டிக் ஐபிக்கு (உங்களுக்கே உரிய மாறாத ஐபி) தனிக் கட்டணம். விபிஎன் வெளியே போகும் இணைப்பு என்பதால் பாதிக்காது. ஆனால் பிபிபிஓஈ (பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) லைனில் எம்டியு (ஒரே பொட்டலமாகப் போகக்கூடிய டேட்டாவின் அளவு) 1492 தான். விபிஎன் சேர்ந்தும் சில பக்கங்கள் மட்டும் திறக்காமல் தொங்கினால் விபிஎன் எம்டியுவை 1400-க்கு இறக்கிப் பாருங்கள்.

மாடிப்படி:

இருவருக்கும் நன்றி. கேபிள்காரர் லைன் லேன்தானாம், விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு ஓஎன்டியில் ரீடிங் பார்த்தோம்: -26.1. எதிர் வீடு வேறு கம்பெனி, -19.4. கரண்ட் போனால் ரவுட்டரை ஓட்டும் சின்ன பேட்டரி, மினி யுபிஎஸ், எது வாங்கலாம்?

ஒளியிழை:

-26.1 ஒரு வீட்டுக் கோளாறா, கிளை முழுக்கவா என்று பாருங்க. அதே ஸ்ப்ளிட்டரில் இன்னொரு வீடும் -25, -26 என்றால் மெயின் ஒயரிலோ ஸ்ப்ளிட்டரிலோ இழப்பு. உங்களுக்கும் அதேதான் வரும், எதிர் வீட்டு கம்பெனிக்குப் போங்க. அவங்களுக்கு மட்டும் என்றால் கனெக்டர் முகம் அழுக்காகவோ, ஒயர் எங்கேயோ நசுங்கியோ இருக்கும். லைன்மேனிடம் கனெக்டரைத் துடைத்து, சிவப்பு லேசர் பேனா விட்டுப் பார்க்கச் சொல்லுங்க, கசியும் இடம் சிவப்பாகத் தெரியும். மூணு டெசிபெல் மீட்டாலே ஒளி இரட்டிப்பு. நீங்க மட்டும் அந்த முனைக்குள் எட்டிப் பார்க்காதீங்க, உள்ளே போகும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கெடுதல் மட்டும் செய்யும்.

காரப்பொரி:

யுபிஎஸ் பத்தி நான் சொல்றேன் அண்ணே. முதல்ல ஓஎன்டி அடாப்டர், ரவுட்டர் அடாப்டர் ரெண்டோட லேபிளையும் படிங்க. ரெண்டுமே 12 வோல்ட்டா இருந்தா நல்லது. 9 வோல்ட் பெட்டில 12 சொருகினா அவ்வளவுதான். பின் சைஸ் பெரும்பாலும் 5.5க்கு 2.1 மில்லிமீட்டர், நடுவுல பிளஸ்.

கீழ ஒண்ணு, மேல ஒண்ணு தனித்தனியா வைங்க, ஒரே யுபிஎஸ்ஸுலேருந்து மாடிக்கு 12 வோல்ட் ஒயர் இழுத்தா வோல்டேஜ் இறங்கி ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கும். அட்டைல 8,000 எம்ஏஎச்னு போட்டிருந்தா அது 3.7 வோல்ட் செல்லோட கணக்கு. பெருக்கினா 29.6 வாட் அவர். பெட்டி 10 வாட் இழுத்தா, நடுவுல வீணாறதைக் கழிச்சு ரெண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா நிக்கும்.

வீட்ல இன்வெர்ட்டர் இருந்தாலும் மினி யுபிஎஸ் போடுங்க. மெயின்ஸ்லேருந்து இன்வெர்ட்டருக்கு மாறுற அந்த நொடியில சில ஓஎன்டி அணைஞ்சு, திரும்ப லைன் பிடிக்க ரெண்டு மூணு நிமிஷம் எடுக்கும். மீட்டிங் அறுபடுறது அங்கதான்.