மழைல நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகல, பிளக்ல கரண்ட் வருது, வேற என்ன பாக்கணும்?

தாம்பரம்_ரைடர்:
வணக்கம் மக்களே, என்னோடது 100 சிசி கார்பரேட்டர் (பெட்ரோலயும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புற பாகம்) வண்டி, பிஎஸ்4. ஊருக்குப் போயிருந்தப்ப கவர் எதுவும் போடாம வாசல்லயே நின்னுச்சு, இங்க நல்ல மழை வேற. திரும்பி வந்து செல்ஃப் அடிச்சா பட்டுனு பிடிச்சுது, தெருமுனை தாண்டுறதுக்குள்ள திக்கித் திணறி ஆஃப், பெட்ரோல் கம்மியோன்னு ரிசர்வ்ல போட்டேன், அதுக்கப்புறம் சுத்தமா மூச்சே இல்ல. கிக்கர் அடிச்சு கால் போச்சு. பிளக் கழட்டிப் பாத்தேன், கரண்ட் வருது. மெக்கானிக் கார்பரேட்டரையே மாத்தணும்ங்கிறாரு. மாத்தலாமா?

ஸ்பேனர்_செட்:
சிடிஐ, அதான் பிளக்குக்கு கரண்ட் அனுப்புற சின்ன பெட்டி, அது போயிருக்கும் ப்ரோ. மழைன்னாலே அதுதான். மாத்திருங்க.

கிக்கர்_அண்ணாச்சி:
ஏம்ப்பா, கரண்ட் வருதுன்னு அவரே சொல்றாரு, அப்புறம் எதுக்கு சிடிஐய மாத்தச் சொல்ற? காசு என்ன மரத்துலயா காய்க்குது.

தம்பி, கரண்ட் வருதுன்னா எப்படி வருது? நீலமா சடசடன்னு அடிச்சா ஓகே, ஆரஞ்சு கலர்ல சோகையா வந்தா வெளிய தெரியும், ஆனா உள்ள கம்ப்ரஷன்ல நிக்காது. பாக்குறப்ப பிளக்கோட இரும்பு பாகம் இஞ்சின்ல நல்லா ஒட்டி இருக்கணும், பிளக் கழட்டுன ஓட்டைக்கு நேரா மட்டும் பிடிச்சுறாதீங்க, உள்ள இருந்து வர்ற பெட்ரோல் ஆவி குப்புனு பத்திக்கும். பிளக் கேப்பையும் கழட்டிப் பாருங்க, உள்ள ஈரம் இருந்தா துடைச்சு வெயில்ல வைங்க.

அத விட முக்கியம் பிளக் ஈரமா, காஞ்சு கெடக்கா? அவ்ளோ கிக்கர் அடிச்சும் காஞ்சு இருந்தா பெட்ரோல் உள்ள போகல, ஜெட் (கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) அடைப்பு, காக் (டேங்க் அடில பெட்ரோல திறந்து மூடுற திருகு) அடைப்பு அந்த மாதிரி. பெட்ரோல் வாசனையோட நனைஞ்சிருந்தா ஃப்ளட் ஆயிருக்கு, அதாவது பெட்ரோல் அளவுக்கு மேல உள்ள போயிருக்கு, சோக்க ஆஃப் பண்ணி ஆக்ஸிலேட்டர முழுசா திருகிப் பிடிச்சு அடிக்கணும். ஈரமா இருந்தும் வாசனை இல்லன்னா அது வேற கதை, சொல்லுங்க.

தாம்பரம்_ரைடர்:
அண்ணாச்சி, நீலமாத்தான் வருது. பிளக் முனைல முத்து முத்தா நிக்குது, பெட்ரோல் வாசனை ரொம்ப லேசாத்தான் இருக்கு.

கிக்கர்_அண்ணாச்சி:
அப்ப தண்ணி. கார்பரேட்டர் அடில கிண்ணம் மாதிரி இருக்குல்ல, அதுல ஒரு ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும், அத லூஸ் பண்ணி வர்றத ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிங்க. ஆட்டாம கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க. பக்கத்துல பீடி சிகரெட் வேணாம்.

தாம்பரம்_ரைடர்:
ஐயோ அண்ணாச்சி, பாதிக்கு மேல தண்ணி! மேல மஞ்சளா பெட்ரோல் மிதக்குது, கீழ பளிச்சுனு வெள்ளையா தனியா கோடு போட்ட மாதிரி நிக்குது. டேங்க் மூடி பூட்டித்தான் இருந்துச்சு, எப்படி உள்ள போச்சு? பங்க்ல கலந்துட்டாங்களா?

மதுரை_டூவீலர்:
பங்க்க திட்டுறதுக்கு முன்னாடி டேங்க் மூடியத் திறந்து பாருங்க பாஸ். வாய சுத்தி ஒரு பள்ளம், அதுல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். மூடி வழியா எறங்குற மழைத்தண்ணி அந்த ஓட்டைல போயி, கீழ ஒரு டியூப் வழியா ரோட்டுக்குப் போயிரும். அதுல மண்ணு அடைச்சா தண்ணி அங்கயே தேங்கி நேரா டேங்க்குக்குள்ள எறங்கும்.

இன்னொண்ணு, இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. அது கொஞ்சம் தண்ணிய தன்னோட கலந்து வச்சுக்கும், அளவு தாண்டுனா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்தே பிரிஞ்சு அடில போயிரும். அதனால அடில தெரியுறது வெறும் தண்ணி மட்டும் இல்ல. காக் ஆன்ல இருந்தா உயரமான குழாய்ல எடுக்கும், ரிசர்வ்ல போட்டா டேங்க் அடில இருந்து எடுக்கும், தண்ணி கனம்கிறதால அங்கதான கெடக்கும். ரிசர்வுக்கு வந்ததும் மூச்சு நின்னது அதுக்குத்தான். டேங்க்க முழுசா காலி பண்ணுங்க, கிண்ணத்த மட்டும் வடிச்சா திரும்ப வந்து நிக்கும்.

தாம்பரம்_ரைடர்:
டேங்க்க கழட்டி மொத்தமா கவுத்தாச்சு. அந்த ஓட்டைல களிமண்ணும் ஏதோ பூச்சிக் கூடும் இருந்துச்சு, சைக்கிள் ஸ்போக்க விட்டுக் குத்தி, பஞ்சர் கடைல காத்து அடிச்சதும் கீழ டியூப்ல சேறு பீச்சிச்சு. கார்பரேட்டர் ஜெட்டயும் கழட்டி ஊதிட்டு புது பெட்ரோல் ஊத்தி, சோக் போட்டு அடிச்சேன், கொஞ்சம் இருமிட்டு பிடிச்சுருச்சு!! எறக்குன பெட்ரோல் கேன்ல இருக்கு, மேல தெளிஞ்சத மட்டும் வடிச்சு திரும்ப ஊத்தலாமா?

மதுரை_டூவீலர்:
வேணாம் பாஸ், எத்தனால் பிரிஞ்சு போன பெட்ரோல்ல ஆக்டேன் கொறஞ்சிரும். சாக்கடைலயும் ஊத்தாதீங்க.

கிக்கர்_அண்ணாச்சி:
இஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்க ஒரு தடவ பாத்துருங்க தம்பி. பால் டீ கலர்ல இருந்தா ஆயில்லயும் தண்ணி எறங்கிருக்கு, அப்படி இருந்தா ஓட்டாதீங்க, மொதல்ல ஆயில மாத்துங்க.

தாம்பரம்_ரைடர்:
பாத்தேன் அண்ணாச்சி, ஆயில் கருப்பாத்தான் இருக்கு.

ஸ்பேனர்_செட்:
சரி சரி, சிடிஐ இல்லதான் 😄