பருத்தி திட்டுத் திட்டா காயுது, என்ன மருந்து? அவசரம்

குடவாசல்_தரிசு:
சம்பா அறுத்த வயல்ல பருத்தி. வரப்போரம் ஆரம்பிச்சு திட்டுத் திட்டா காயுது. களையும் மண்டிக் கிடக்கு. என்ன அடிக்கலாம்?

நன்னிலத்தான்:
எத்தனை நாள் பயிர்? கடைசியா எப்ப தண்ணி வச்சீங்க? என்ன களை?

வெண்ணாற்றங்கரை:
தண்ணி வச்ச மறுநாளே வாடிச்சா? அப்ப திடீர் வாடல்தான், அது பூஞ்சாண நோய் இல்ல. கோபால்ட் குளோரைடு லிட்டருக்கு 10 மில்லிகிராம், உடனே தெளிங்க.

பழைய_கை:
வேரைப் பாக்காம மருந்து கேக்கறதும் தப்பு, சொல்றதும் தப்பு. எத்தனை தடவை சொல்றது? மூணு செடி பிடுங்குங்க. லேசா இழுத்ததுமே வந்து, வேர்ப்பட்டை நார் நாரா உரிஞ்சா வேரழுகல். தண்டைப் பிளந்தா உள்ள பழுப்புக் கோடு ஓடுச்சுன்னா வாடல் நோய். வேர் பழுதில்லாம இருந்தாத்தான் வெண்ணாற்றங்கரை சொன்னது.

குடவாசல்_தரிசு:
45 நாள். இழுத்ததும் வருது, பட்டை நாராத்தான் இருக்கு. களை சாரணை, துத்தி. தண்ணி வச்சு மூணு வாரம்.

பழைய_கை:
வேரழுகல். 500க்கு மேல செடி வகைகளைத் தாக்குற பூஞ்சாணம். கரித்தூள் மாதிரி முடிச்சா மண்ணுல கிடக்கும். தண்ணி நின்ன சேத்துல ஏழெட்டு வாரத்துக்கு மேல தாங்காது. அதனால சம்பாத் தண்ணி நடுவயலைப் பெரும்பாலும் சுத்தமாக்கிடும். வரப்பு காய்ஞ்சே கிடக்கு, அங்க களை வேர்ல தங்கிக்கும். பல களையில மேல அறிகுறியே தெரியாது. வரப்பைச் செதுக்கி மண்ணை உள்ள தள்ளினா நோயும் கூடவே வருது. மண் காய்ஞ்சு சூடேறினா வேகம் கூடும்.
கார்பென்டாசிம் (பூஞ்சாணக்கொல்லி) லிட்டருக்கு 1 கிராம். காஞ்ச செடியப் பிடுங்கிட்டு அந்தக் குழியிலயும் சுத்தி இருக்கிற நல்ல செடி வேர்லயும் ஊத்துங்க. இலையில அடிச்சுப் பிரயோஜனமில்ல. நாளைக்கே லேசா தண்ணி வைங்க.

நன்னிலத்தான்:
டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்குற நல்ல பூஞ்சாணம்) ஏக்கருக்கு 1 கிலோ, 20 கிலோ மக்கின தொழுவுரத்துல கலந்து போடலாமே?

பழைய_கை:
போடலாம், ரெண்டு வாரம் கழிச்சு. கார்பென்டாசிம் அதையும் கொன்னுடும்.

வெண்ணாற்றங்கரை:
வரப்புக்கு கிளைபோசேட் களைக்கொல்லி அடிச்சா வேலை முடிஞ்சது.

நன்னிலத்தான்:
முடியாது. செத்த வேர் மண்ணுக்குள்ளயே நிக்கும், பூஞ்சாணம் அதுல பெருகும். சாரல் பட்டா பருத்தியும் போயிடும். வேரோட பறிச்சு வெளிய கொண்டுபோய் எரிக்கணும்.

வெண்ணாற்றங்கரை:
கூலி ஆள் எங்க கிடைக்குது? மண்வெட்டி பட்டா பருத்தி வேர் கிழியும், அதுவும் நோய்க்கு வழிதான். ஊடால உளுந்து போட்டா களை அடங்கும்.

பழைய_கை:
உளுந்துக்கும் இதே வேரழுகல் வரும். இந்த வயலுக்கு வேண்டாம்.

குடவாசல்_தரிசு:
ஊத்தியாச்சு, தண்ணியும் வச்சாச்சு. பறிச்ச சாரணையை பார் மேலயே காயப் போட்டிருந்தேன், இப்ப அள்ளிக்கிட்டிருக்கோம்.